சேப்பாக்கத்தில் மேட்ச்: ஆம்பூரிலிருந்து போய்த் திரும்புவது எப்படி?

மேட்ச் டிக்கெட் கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். இப்போது ஒரு கேள்வி. மேட்ச் முடிந்ததும் எப்படி வீட்டுக்கு வருவீர்கள்?

சிரிக்காதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து சேப்பாக்கம் போகும் பலரும் டிக்கெட், ஜெர்சி, முகத்தில் பூச மஞ்சள் சாயம் எல்லாவற்றையும் யோசிப்பார்கள். திரும்பி வரும் வண்டியை மட்டும் "அங்க போய் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் விட்டேன். கல்லூரியில் படிக்கும்போது ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தப்பாவை முதன்முறையாக ஒரு இரவு மேட்ச்சுக்கு அழைத்துப் போனேன். திரும்பும் பேருந்துக்கு டிக்கெட் எல்லாம் ரிசர்வ் செய்துதான் வைத்திருந்தேன், என் போனில். வீடியோ எடுத்து எடுத்து 18ஆவது ஓவரிலேயே போன் அணைந்துவிட்டது. பேருந்து நிலையம் போனால் எந்த வண்டி, எத்தனை மணிக்கு, என்ன சீட் என்று எதுவும் நினைவில் இல்லை. ஒரு டீக்கடையில் சார்ஜ் போட்டு போனை எழுப்பியபோது எங்கள் வண்டி கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஊர் வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. சித்தப்பாவுக்கு ஷிஃப்ட் போச்சு, ஒரு நாள் சம்பளம் போச்சு. "மேட்ச் பாத்த காசு டபுள் ஆயிடுச்சுடா" என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அதனால் இந்தக் கட்டுரையில் பயணத்தைப் பின்னாலிருந்து திட்டமிடலாம். முதலில் இரவு, பிறகு பகல்.

எந்த மேட்ச் என்பதைப் பொறுத்தே வண்டி

நம் பகுதிக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஒரு வரம். அதிகாலை ஜோலார்பேட்டையில் கிளம்பி வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி, வாலாஜா ரோடு வழியாகக் காலையிலேயே சென்னை சென்ட்ரல் சேர்த்துவிடும். மாலை ஆறு மணி வாக்கில் சென்ட்ரலிலிருந்து திரும்பும். தினமும் சென்னை போய் வருபவர்களுக்கு இது சரியான வண்டி. இரவு மேட்ச் பார்ப்பவர்களுக்குப் போகும்போது மட்டும்தான் உதவும்.

7.30க்குத் தொடங்கும் 20 ஓவர் மேட்ச் சாதாரணமாக 11 மணியைத் தாண்டித்தான் முடியும். பனி, ரிவ்யூ, சூப்பர் ஓவர் என்று ஏதாவது வந்தால் இன்னும் நீளும். நம் மார்க்கத்தில் போகும் முக்கியமான இரவு ரயில்களோ 11 மணிக்கு முன்பே சென்ட்ரலை விட்டுப் போய்விடும். பெங்களூர் மெயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் கடைசி நான்கைந்து ஓவர்களை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். அதற்காகவா அவ்வளவு தூரம் போனோம்?

ஆகவே இரவு மேட்ச் என்றால் ரயிலை மறந்துவிடுங்கள். பேருந்து, இல்லையென்றால் சென்னையிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை ரயில். இரண்டில் ஒன்றை டிக்கெட் வாங்கும் நாளிலேயே முடிவு செய்யுங்கள்.

மாலை 3.30 மேட்ச் என்றால் கதை வேறு. ஏழரை வாக்கில் முடிந்துவிடும். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு இரவு ரயிலையே பிடிக்கலாம். எல்லா வண்டியும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நிற்காது. காட்பாடியில் நிற்கும் வண்டிகள்தான் அதிகம். காட்பாடியில் இறங்கினால் அங்கிருந்து எப்படி என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது. நம் ஆட்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. டெஸ்ட் மேட்ச்சும் ரஞ்சிக் கோப்பை மேட்ச்சும் மாலை ஐந்து மணி வாக்கில் முடிந்துவிடும். சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பார்க் டவுன் இரண்டே நிறுத்தம். காலை ஏலகிரியில் போய், நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்த்து, கடைசி சில ஓவர்களை மட்டும் விட்டுக்கொடுத்தால் அதே ஏலகிரியில் திரும்பலாம். ரஞ்சி மேட்ச்சுக்குப் பெரும்பாலும் நுழைவுக் கட்டணமும் கிடையாது. கூட்டமில்லாத சேப்பாக்கத்தில், கடல் காற்றில், மட்டையில் பந்து படும் சத்தம் காதில் கேட்க உட்கார்ந்து பார்ப்பது தனி சுகம். பிள்ளைகளை முதன்முதலாக மைதானத்துக்கு அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கோயம்பேடா, கிளாம்பாக்கமா?

இரவுப் பேருந்து என்று முடிவு செய்தவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் "வெளியூர் பஸ் எல்லாம் கிளாம்பாக்கம்தான்" என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. தவறு. அது திருச்சி, மதுரை போன்ற தென்மாவட்ட மார்க்கத்துக்கானது. வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி மார்க்கப் பேருந்துகளுக்கு நாம் போய்ப் பழகிய இடம் கோயம்பேடு. நள்ளிரவில் ஆட்டோ ஏறி "வெளியூர் பஸ் ஸ்டாண்ட்" என்று மட்டும் சொன்னால் 30 கிலோமீட்டர் தள்ளி, எதிர்த்திசையில் கொண்டுபோய் இறக்கிவிடக்கூடும். ஊர் பெயரைச் சொல்லுங்கள், "வேலூர் பஸ் நிக்கிற இடம்" என்று சொல்லுங்கள்.

இதில் இன்னொரு சங்கதி: மேற்கு மார்க்கப் பேருந்துகளுக்கென்றே திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்தில் புதிய முனையம் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் நீங்கள் போகும் தேதியில் உங்கள் வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்பதை டிஎன்எஸ்டிசி செயலியில் பார்த்துவிடுங்கள். முன்பதிவு செய்யும்போது "ஏறும் இடம்" என்று ஒரு பட்டியல் வரும். அதில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் போன வருஷம் எங்கே ஏறினார் என்பது கணக்கில்லை.

முன்பதிவு செய்யும் வண்டியின் நேரம் 1 மணிக்கு முன்பாக வேண்டாம். மைதானத்திலிருந்து வெளியே வரவே அரை மணி நேரம் ஆகும். பிறகு வாலாஜா சாலை வழியாக அண்ணா சாலைப் பக்கம் நடந்து அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம். அங்கிருந்து அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். சென்ட்ரலில் நீல வழித்தடத்திலிருந்து பச்சை வழித்தடத்துக்கு மாறினால் நேராகக் கோயம்பேடு பேருந்து நிலைய மெட்ரோ. அதாவது 11.20க்கு மேட்ச் முடிந்தால் கோயம்பேட்டில் நிற்கும்போது மணி 12.45 ஆகிவிடும். வேலூர் சேரும்போது விடியற்காலை நான்கு. ஆம்பூர் என்றால் ஐந்தை ஒட்டி.

மெட்ரோ வழக்கமாக இரவு 11 மணியோடு முடிந்துவிடும். ஆனால் சேப்பாக்கத்தில் ஐபிஎல் நடக்கும் நாட்களில் கடைசி ரயிலை நள்ளிரவு தாண்டியும் நீட்டித்திருக்கிறார்கள். 2024, 2025 பருவங்களில் மேட்ச் டிக்கெட்டையே காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போய்த் திரும்பவும், மேட்ச்சுக்கு முன் மூன்று மணி நேரம் மாநகரப் பேருந்தில் இலவசமாகப் போகவும் ஏற்பாடு இருந்தது. இது ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியாக அறிவிக்கப்படும் சலுகை. உங்கள் மேட்ச்சுக்கு உண்டா என்று மெட்ரோ நிறுவனத்தின் சமூக வலைத்தளப் பக்கத்தில் முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டின் பின்பக்கமோ கீழேயோ கூடப் போட்டிருப்பார்கள்.

பெங்களூர், ஓசூர் போகும் தொலைதூர வண்டிகளில் ஏறினால் ஒரு வார்த்தை: ஆம்பூர், வாணியம்பாடி ஊருக்குள் நிற்குமா, மேம்பாலத்தில் நேராகப் போய்விடுமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். தூங்கிப்போய் கிருஷ்ணகிரியில் கண் விழித்தவர்கள் உண்டு. சந்தேகமாக இருந்தால் வேலூரோடு இறங்கிவிடுங்கள். விடிந்ததும் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் எல்லாவற்றுக்கும் வண்டி கிடைக்கும்.

தங்கிவிட்டுப் போகலாம் என்பவர்களுக்கு: சென்ட்ரலில் ரயில்வே ஓய்வறைகள் உண்டு. உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால் அந்த பிஎன்ஆர் எண்ணை வைத்து இணையத்திலேயே பதிவு செய்யலாம். மறுநாள் காலை கோவை எக்ஸ்பிரஸ், பிருந்தாவன் போன்ற வண்டிகள் நம் பக்கம் வருகின்றன. எது எங்கே நிற்கும், இன்றைய நேரம் என்ன என்பதற்கு 139.

போன் ஒன்று, டிக்கெட் நான்கு

இன்றைக்கு எல்லாமே போனில்தான். ரயில் டிக்கெட், மேட்ச் டிக்கெட், மெட்ரோ, திரும்பும் பேருந்து. வசதிதான். ஆனால் என் கதையைப் படித்தீர்கள் அல்லவா? பல மேட்ச்சுகளில் பவர் பேங்கை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், உள்ளே விடுவதில்லை. ஆகவே திரும்பும் வண்டியின் டிக்கெட்டைக் காகிதத்தில் ஒரு நகல் எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். வண்டி எண், சீட் எண், நேரம் ஆகியவற்றை எழுதிவைத்தாலும் போதும். கூட வருபவரின் போனுக்கும் அதை அனுப்பிவிடுங்கள். வீட்டு எண் ஒன்றையாவது மனப்பாடமாக வைத்திருங்கள். இன்றைக்கு எத்தனை பேருக்குத் தன் மனைவியின் எண் மனப்பாடம்? எனக்கு என் அம்மாவின் எண்ணே தெரியாது என்பது அன்றிரவுதான் தெரிந்தது.

முன்பதிவில்லாத ரயில் டிக்கெட்டுக்கு இனி கவுண்டரில் நிற்க வேண்டாம். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் முன்பதிவு, பொதுப்பெட்டி, நடைமேடை டிக்கெட் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இரண்டு இடத்தில் மட்டும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, நடைமேடையில் நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் போட முடியாது. ஸ்டேஷனுக்கு வெளியிலேயே போட்டுவிட வேண்டும், அல்லது அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்க வேண்டும். இரண்டு, வண்டி சூப்பர்ஃபாஸ்ட் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே அந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு சூப்பர்ஃபாஸ்டில் ஏறினால் அபராதம் கட்ட நேரிடும். பொதுப்பெட்டி டிக்கெட்டுக்குக் காலவரம்பும் உண்டு. எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது நம் தூரத்துக்கான பொது விதி. காலையிலேயே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்து வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

சென்னைக்குள் சுற்ற 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட சென்னை ஒன் செயலி இருக்கிறது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆரில் டிக்கெட். எந்த வழி குறைந்த நேரம் என்றும் அதுவே காட்டும். நம் ஊர்ப் பெண்கள் கவனிக்க: மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சென்னை மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளிலும் உண்டு. சென்னையில் வசிக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

மேட்ச் டிக்கெட்: எங்கே ஏமாறுகிறோம்

டிக்கெட் எந்தத் தளத்தில் விற்பனை என்பது தொடருக்குத் தொடர் மாறும். ஐபிஎல் என்றால் அணியின் அதிகாரப்பூர்வ பக்கம், சர்வதேசப் போட்டி என்றால் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் பக்கம். அங்கே என்ன இணைப்பு கொடுத்திருக்கிறார்களோ அது மட்டுமே. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பு வேண்டாம்.

சில நிமிடங்களில் டிக்கெட் தீர்ந்துவிடும், உண்மைதான். அந்த ஏமாற்றத்தில் இருக்கும்போதுதான் டெலிகிராமிலோ இன்ஸ்டாகிராமிலோ "ரெண்டு டிக்கெட் எக்ஸ்ட்ரா இருக்கு ப்ரோ" என்று ஒருவர் வருவார். பணம் அனுப்பினால் ஒரு க்யூஆர் ஸ்கிரீன்ஷாட் வரும். அதே ஸ்கிரீன்ஷாட் வேறு பத்துப் பேருக்கும் போயிருக்கும். வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவர் மட்டும் உள்ளே போவார். மற்றவர்கள் 180 கிலோமீட்டர் பயணம் செய்து வாலாஜா சாலையில் நின்று ஆரவாரத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இன்னொரு வகை: "கன்ஃபார்ம் பண்ண ஒரு ரூபாய் அனுப்பறேன், பின் போட்டு ஏத்துக்கோங்க" என்பார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 1930ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் போனால் அதை முடக்கி வைக்க முடியும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் வாய்ப்பு அதிகம், மறுநாள் காலை சொன்னால் குறைவு. பரிவர்த்தனை எண், அனுப்பிய நேரம், எதிராளியின் எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பகல் முழுக்க என்ன செய்வது?

ஏலகிரியில் போனால் காலை ஒன்பது, ஒன்பதரைக்குச் சென்ட்ரல். மேட்ச் இரவு. நடுவில் ஒரு முழுப் பகல். மால் எதற்கு? விளையாட்டுப் பிரியருக்குச் சென்ட்ரலைச் சுற்றியே பார்க்க நிறைய இருக்கிறது. பையைச் சென்ட்ரல் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ரயில் டிக்கெட் காட்ட வேண்டும், பை பூட்டியிருக்க வேண்டும். எப்படியும் பெரிய பையை மைதானத்துக்குள் விடமாட்டார்கள்.

முதலில் பெரியமேடு. சென்ட்ரலிலிருந்து நடை தூரம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும், கிரிக்கெட்டுக்காக அல்ல, தோலுக்காக. மதராஸின் தோல் வியாபாரம் குவிந்திருந்த இடம் இது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்களின் கணக்கும் பேரமும் பெரியமேட்டு மண்டிகளோடு பின்னிக் கிடந்தவை. இன்றும் தோல், ஷூ பொருட்கள் விற்கும் கடைகள் அங்கே உண்டு. அதே பெரியமேட்டில்தான் நேரு விளையாட்டரங்கமும், அதை ஒட்டி விளையாட்டுப் பொருள் கடைகளும். மட்டை, கையுறை, ஹாக்கி ஸ்டிக், கால்பந்து ஷூ எல்லாம் பல விலைகளில் பார்த்து, பேசி வாங்கலாம். ஒரு சிவப்புப் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் ஊர்க்காரர் விரலால் தடவியே தோலின் தரத்தைச் சொல்லிவிடுவார். ஷூவுக்கு நாம் பார்க்கும் குரோம் தோல் போல இருக்காது. கிரிக்கெட் பந்தின் தோல் படிகாரத்தில் பதனிட்டது, உள்ளே வெள்ளையாக இருக்கும். நம் நாட்டில் இந்தப் பந்துகள் அதிகமும் தைக்கப்படுவது மீரட்டிலும் ஜலந்தரிலும். இவ்வளவு தோல் தெரிந்த நம் பகுதி ஏன் பந்து பக்கம் போகவில்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அது வேறு கட்டுரை.

நேரு அரங்கத்தைப் பார்த்தால் கால்பந்து, தடகளம்தான் நினைவுக்கு வரும். சென்னையின் எஃப்சி அணியின் சொந்த மைதானம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டியும், 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டியின் தொடக்க விழாவும் இங்கேதான். ஆனால் இந்த இடத்தில் ஒரு காலத்தில் டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது தெரியுமா? அப்போது அதன் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை மதராஸின் டெஸ்ட்கள் சேப்பாக்கத்தில் அல்ல, இங்கே. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்ததும் இங்கேதான். அந்த உலக சாதனை 52 ஆண்டுகள் நின்றது.

ஹாக்கி பிடிக்குமென்றால் எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம், பிறகு கொஞ்ச தூரம். 2007 ஆசியக் கோப்பையை இந்தியா இங்கே வென்றது. அதன்பின் பல ஆண்டு இடைவெளி. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வந்தபோது இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என்று வென்றது இந்தியா. 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பையும் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. பக்கத்திலேயே 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். வெயில் ஏறும் நேரத்துக்கு நல்ல இடம், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.

மதியத்துக்கு மேல் சேப்பாக்கம் பக்கம் போய்விடுங்கள். இங்கே ஒரு சின்ன வேடிக்கை. காலையில் நீங்கள் கடந்து வந்த ரயில் நிலையத்தின் பெயர் வாலாஜா ரோடு. மைதானத்தின் ஓரமாகப் போகும் சாலையின் பெயரும் வாலாஜா சாலை. இரண்டும் ஒரே மனிதரின் பெயர்தான்: ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. நம் ஆற்காட்டிலிருந்து மதராஸுக்கு வந்த நவாப், 1768 வாக்கில் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார். அந்த அரண்மனையை ஒட்டிய நிலத்தில்தான் பிற்பாடு மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வந்தது. ஆக, நாம் சேப்பாக்கம் போவது ஒரு வகையில் நம்ம ஊர்க்காரர் வீட்டுக்குப் போவதுதான். கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையிலிருந்து அரண்மனையின் கூம்பு மாடங்களைப் பார்க்கலாம். திருவல்லிக்கேணியில் வாலாஜா பெரிய மசூதியும் பக்கம்தான். அங்கே பிரியாணிக் கடைகளும் உண்டு. ஆம்பூர்க்காரருக்குச் சென்னை பிரியாணியைச் சிபாரிசு செய்யும் துணிச்சல் எனக்கில்லை, பசிக்குச் சாப்பிடுங்கள்.

உள்ளே போன பிறகு

வாசல்கள் பொதுவாக மேட்ச்சுக்கு மூன்று மணி நேரம் முன்பு திறக்கும். டிக்கெட்டில் எந்த வாசல், எந்த மாடம் என்று இருக்கும். வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை, விக்டோரியா விடுதி சாலை என்று மைதானத்தைச் சுற்றி வாசல்கள் பிரிந்திருப்பதால், தவறான பக்கம் வரிசையில் நின்றால் மொத்த மைதானத்தையும் சுற்றி வர வேண்டும். பை, தண்ணீர் பாட்டில், வெளி உணவு, ஹெல்மெட், லைட்டர், கம்பு செருகிய கொடி எதுவும் உள்ளே போகாது. ஒருமுறை வெளியே வந்தால் மீண்டும் உள்ளே விடமாட்டார்கள்.

சுமார் 38,000 பேர் உட்காரும் இடம். மாடங்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். கடல் காற்று உள்ளே வருவதற்காக அப்படி. உட்கார்ந்த பிறகு ஒரு நிமிடம் அந்தப் புல்லைப் பாருங்கள். 1934இல் முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் இங்கேதான் நடந்தது, மதராஸும் மைசூரும் ஆடி ஒரே நாளில் முடிந்துபோனது. 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும், 1986இல் ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் 'டை' ஆனதும், 2008இல் சேவாக் 319 அடித்ததும் இதே தரையில். ஆனால் சென்னை ரசிகர்கள் அதிகம் பெருமைப்படுவது தோற்ற ஒரு மேட்ச்சுக்காக. 1999 ஜனவரியில் சச்சின் முதுகு வலியோடு 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. கூட்டம் கலையாமல் எழுந்து நின்று கைதட்டியது. வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டது. எங்கள் தெருவில் அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களின் எண்ணிக்கை மட்டும் வருடாவருடம் கூடிக்கொண்டே போகிறது.

குழந்தைகளோடு போனால் அவர்கள் சட்டைப் பையில் உங்கள் போன் எண் எழுதிய சீட்டை வையுங்கள். கூட்டத்தில் சந்திக்க ஓர் இடத்தை முன்பே பேசிவையுங்கள். "வாசல்ல நில்லு" என்று சொன்னால் எந்த வாசல்? வாசல் எண்ணோடு சொல்லுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியை வீட்டிலேயே பதிவிறக்கிப் பதிவு செய்துவிட்டால், ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் உங்கள் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

18ஆவது ஓவர் வரும்போது உங்கள் போனில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பாருங்கள். 20க்குக் கீழே என்றால் வீடியோவை நிறுத்திவிட்டு, பேட்டரி சேமிப்பைப் போட்டு, பைக்குள் வைத்துவிடுங்கள். கடைசிப் பந்தைக் கண்ணால் பாருங்கள். கூட்டத்தோடு வெளியே வந்து, அண்ணா சாலைப் பக்கம் நடந்து, அரசினர் தோட்டத்தில் மெட்ரோ ஏறுங்கள். வேலூர் பேருந்து நிலையத்தில் விடியற்காலை நான்கு மணிக்கும் டீ கிடைக்கும். சித்தப்பாவை இரண்டாவது முறை அழைத்துப் போனபோது அங்கே இறங்கிக் குடித்தோம். அன்று அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.